தாம்பரம் சானட்டோரியமும் கடல் மீனின் காசநோயும்

1/
பீச் – தாம்பரம் மின்சார ரயிலில் போறவங்களுக்குத் தெரியும். குரோம்பேட்டை தாண்டினதும், தாம்பரத்துக்கு முன்னாடி ஒரு ஸ்டேஷன்: தாம்பரம் சானட்டோரியம். அந்தப் பெயரைச் சொல்லி தினமும் டிக்கெட் வாங்குறவங்கள்ல பலருக்கு சானட்டோரியம்னா என்னன்னு தெரியாது. காசநோயாளிகளை மாதக்கணக்கில் தங்க வைத்துப் பார்த்த மருத்துவமனைக்குத்தான் அந்தப் பெயர். இந்த த்ரெட்டும் காசநோய் பற்றியதுதான். ஆனா முக்கியமா மீனுக்கு வர்ற காசநோய்.

2/
ஆமாங்க, மீனுக்கும் காசநோய் வரும். கடல் மீனுக்கும் வரும். பதறாதீங்க. சமைத்த மீனைச் சாப்பிடுவதால் அது நமக்கு வராது. வஞ்சிரம், சங்கரா எதையும் நிறுத்த வேண்டாம். கையில் ஒரு கட்டி வந்து, அது ஆறாம மாதக்கணக்கில் அலையுறவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். அவங்க பிரச்சினை புரியணும்னா 130 வருஷக் கதை ஒன்று தெரியணும்.

3/
முதலில் நம்ம ஊர். 1928-ல் டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சவுரி முத்து என்பவர் தாம்பரம் பக்கத்தில் சுமார் 250 ஏக்கரில், 12 படுக்கைகளோடு ஒரு காசநோய் சானட்டோரியம் தொடங்கினார். அதற்கு முன் இங்கிலாந்தில் மெண்டிப் மலையில் இதே மாதிரி ஒன்றை நடத்தியவர். கணிதமேதை ராமானுஜன் 1917-ல் அங்கே நோயாளியாகத் தங்கியிருக்கிறார். (ராமானுஜனுக்கு இருந்தது காசநோயே இல்லை, கல்லீரலில் அமீபா தொற்று என்று பின்னாளில் மருத்துவர்கள் வாதிட்டார்கள். நோயின் பெயர் மாறிப் போவது அப்பவும் இருந்தது.)

4/
1937-ல் தாம்பரம் சானட்டோரியத்தை அன்றைய சென்னை மாகாண அரசு எடுத்துக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. 1990-களில் எச்.ஐ.வி. நோயாளிகளை மற்ற இடங்களில் தள்ளி வைத்தபோது, கதவு திறந்து வைத்த இடமும் இதுதான்.

5/
இப்போ கிருமிக்கு வருவோம். 1882-ல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தார். அது மைக்கோபாக்டீரியம் என்ற பெரிய குடும்பத்தில் ஒரு உறுப்பினர். தொழுநோய்க் கிருமியும் இந்தக் குடும்பம்தான். மற்ற பெரும்பாலானவை மண்ணிலும் தண்ணீரிலும் வாழுறவை; மனுஷங்களை அதிகம் தொந்தரவு செய்யாதவை. எல்லாவற்றுக்கும் மேலே மெழுகு மாதிரி ஒரு தடித்த உறை. அதனால் மைக்ராஸ்கோப்பில் சாயம் போட்டுப் பார்த்தா அண்ணன் தம்பி எல்லாம் ஒரே மாதிரி சிவப்புக் குச்சியாகத் தெரியும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குழப்பம் எல்லாம் இங்கேதான் ஆரம்பிக்குது.

6/
1897. பிரான்ஸில் ஒரு குளத்துக் கெண்டை மீன்களுக்கு உடம்பில் கட்டி. பத்தய்யோன், துபார், தெர் என்ற மூன்று பேர் அதைப் பரிசோதித்தார்கள். உள்ளே காசநோய்க் கிருமி மாதிரியே சிவப்புக் குச்சிகள். காசநோயாளி ஒருவரின் சளியும் கழிவும் அந்தக் குளத்தில் கலந்திருந்தது. அப்போ மனுஷக் கிருமிதான் மீனுக்குப் போய் உருமாறிவிட்டது என்ற எண்ணம் பலருக்கு வந்தது. பார்க்க நியாயமான முடிவுதான். ஆனால் தப்பு. அது வேறு கிருமி.

7/
அடுத்து 1903, பெர்லின். அங்குள்ள மீன் காட்சியகத்தில் இருந்த இரண்டு கடல் ஆமைகளின் நுரையீரலில் இதே குடும்பத்துக் கிருமி ஒன்றை ஃப்ரீட்மன் என்ற மருத்துவர் கண்டார். 'ஆமைக் கிருமியை ஊசியாகப் போட்டால் மனுஷ காசநோய் குணமாகும்' என்று கிளம்பினார். 1913-ல் அமெரிக்கா வரை போனார். மருந்தே இல்லாத காலம் அது. நோயாளிகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை ஆராய்ந்து பார்த்து, அவர் சொன்ன பலன் எதுவும் இல்லை என்றது.

8/
அந்த ஆமைக் கிருமியின் வாரிசு இன்னும் நம்மிடையே இருக்கு. மைக்கோபாக்டீரியம் கீலோனி என்று பெயர். கிரேக்கத்தில் கீலோனி என்றால் ஆமை. லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன் முடிந்து சில வாரம் கழித்து, துளை போட்ட இடத்தில் கட்டி வந்து சீழ் வடிந்துகொண்டே இருக்கும் கேஸ்கள் இந்தியாவில் உண்டு. அதற்குக் காரணமான கிருமிகளில் இதுவும் ஒன்று. கருவிகளைக் கழுவும் தண்ணீர் சுத்தமாக இல்லாவிட்டால் வரும்.

9/
இப்போ கடல் மீன். 1926. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா மீன் காட்சியகத்தில் கடல் மீன்கள் செத்துக்கொண்டே இருந்தன. ஜோசப் ஆரன்சன் என்ற மருத்துவர் அறுத்துப் பார்த்தார். நம்ம கத்தாளை இனத்தைச் சேர்ந்த மீன் உட்பட பல மீன்களின் உள்ளுறுப்புகளில் சின்னச் சின்ன உருண்டைகள், அதற்குள் சிவப்புக் குச்சிகள். கடலிலிருந்து வந்ததால் மைக்கோபாக்டீரியம் மாரினம் என்று பெயர் வைத்தார். இந்தக் கதையின் நாயகன் இந்தக் கிருமிதான். ஆரன்சனையும் மறக்காதீங்க, திரும்ப வருவார்.

10/
ஏன் எல்லாம் தொட்டியில் இருக்கும் மீன்களிலேயே கண்டுபிடிக்கிறார்கள்? கடலில் நோய் வந்த மீன் மெலியும், நீந்த முடியாமல் பின்தங்கும், பெரிய மீன் அதைத் தின்றுவிடும். பிணம் கிடைக்காது. வலையில் வந்தாலும் மெலிந்தது, புண்ணோடு இருப்பது எல்லாம் கழிவு மீனோடு போய்விடும். தொட்டியில்தான் செத்த மீன் மிதக்கும், யாராவது எடுத்துப் பார்ப்பார்கள். கடல் மீன் நோய்களின் வரலாறு பெரும்பாலும் கரையில் இருக்கும் தொட்டிகளில் எழுதப்பட்டதற்கு இதுதான் காரணம்.

11/
கால் நூற்றாண்டு கழிந்தது. 1950 வாக்கில் ஸ்வீடனின் ஓரெப்ரோ நகரில் ஒரு நீச்சல் குளத்துக்குப் போய் வந்தவர்களில் சுமார் 80 பேருக்கு முழங்கையில், முட்டியில் ஆறாத கட்டி. லினெல், நோர்டென் என்ற இரண்டு மருத்துவர்கள் கட்டியிலிருந்தும் குளத்திலிருந்தும் ஒரே கிருமியை எடுத்தார்கள். புதுக் கிருமி என்று நினைத்து மைக்கோபாக்டீரியம் பால்னி என்று பெயர் வைத்தார்கள். லத்தீனில் பால்னியம் என்றால் குளியலிடம்.

12/
அது புதுக் கிருமி இல்லை. ஃபிலடெல்ஃபியாவில் மீன்களைக் கொன்ற அதே மாரினம். ஒத்துப் பார்த்ததும் பழைய பெயரே நிலைத்தது. மீனைப் பார்த்தவர் எழுதியதும் மனுஷனைப் பார்த்தவர் எழுதியதும் ஒரே கிருமி என்று சேர்த்துப் படிக்க அத்தனை வருஷம் ஆச்சு. குளங்களில் சரியாக குளோரின் போட ஆரம்பித்ததும் நீச்சல் குளக் கேஸ்கள் அருகின. 1962-ல் வீட்டு மீன் தொட்டியில் கை உரசி வந்த கட்டிகளைப் பற்றி மருத்துவ இதழில் செய்தி வந்தது. அதிலிருந்து இதற்கு 'மீன் தொட்டிக் கட்டி' என்றே பெயர்.

13/
இந்தக் கிருமிக்கு ஒரு விசேஷம். 30 முதல் 33 டிகிரி சூட்டில் நன்றாக வளரும். நம் உடம்பின் உள்சூடான 37 டிகிரி அதற்கு ஒத்துக்காது. அதனால் நுரையீரலுக்குப் போகாது. விரல், புறங்கை, முழங்கை, முட்டி, கால் என்று உடம்பில் கொஞ்சம் குளிர்ச்சியான இடமாகப் பார்த்து உட்காரும். எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கு மட்டும் அரிதாக உள்ளே பரவலாம். இருமினால் பரவாது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கும் ஒட்டாது.

14/
தொட்டிக்கு வெளியே, திறந்த நீரில் இது என்ன செய்யும் என்று காட்டிய சம்பவம் 1997-ல் அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில். ஸ்ட்ரைப்டு பாஸ் என்ற மீன் அங்கே ரொம்பப் பிரபலம். நம்ம கொடுவா மாதிரி விரும்பிச் சாப்பிடுவார்கள், பொழுதுபோக்காகத் தூண்டில் போட்டும் பிடிப்பார்கள். அந்த மீன்கள் மெலிந்து, தோலில் புண்ணோடு வர ஆரம்பித்தன. தூண்டில் போட்டவர்கள் கண்ணில் பட்டதால்தான் விஷயம் வெளியே வந்தது.

15/
அறுத்துப் பார்த்தால் மண்ணீரலிலும் சிறுநீரகத்திலும் அதே உருண்டைகள். சில கணக்கெடுப்புகளில் பாதிக்கும் மேற்பட்ட மீன்களுக்குத் தொற்று இருந்தது. மாரினத்தோடு, அதுவரை யாரும் அறியாத உறவுக்காரக் கிருமிகளும் கிடைத்தன. அதில் ஒன்றுக்கு 2003-ல் மைக்கோபாக்டீரியம் ஷாட்ஸியை என்று பெயர் வைத்தார்கள். நீர் சூடாவது, தண்ணீரில் ஆக்சிஜன் குறைவது, இரை மீன் குறைவது எல்லாம் சேர்ந்து மீனின் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்திருக்கலாம் என்று பேசப்பட்டது. வறுமையிலும் நெரிசலிலும் காசநோய் கூடும் என்று நாம் மனுஷங்களைப் பற்றிச் சொல்வதை இது ஞாபகப்படுத்தும்.

16/
இப்போ ஆரன்சன் திரும்ப வருகிறார். மீன் காசநோயை எழுதிய அதே ஜோசப் ஆரன்சன், 1935-ல் அமெரிக்கப் பூர்வகுடி மக்களிடையே பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வைத் தொடங்கினார். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். ஊசி நன்றாக வேலை செய்தது. சுமார் 60 வருஷம் கழித்து அதே ஆட்களின் ஆவணங்களைத் தேடி எடுத்துப் பார்த்தபோதும், ஊசி போட்டவர்களுக்கு வந்த காசநோய் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. 2004-ல் வெளியான முடிவு இது.

17/
அதே பி.சி.ஜி. நம்ம பக்கம் வந்தது. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் 1948-ல் பி.சி.ஜி. தயாரிப்புக் கூடம் வந்தது. 1955-ல் ராஜாஜி இந்த ஊசியை எதிர்த்து ஒரு சிறு நூலே எழுதினார். ஊசி உண்மையில் எவ்வளவு காக்குது என்று பெரிய அளவில் பார்க்க, 1968-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் ஆய்வு தொடங்கியது. அன்று தாம்பரமும் அந்த மாவட்டம்தான், திருவள்ளூரும் அந்த மாவட்டம்தான். வேலை நடந்தது திருவள்ளூர் பக்கத்து ஊர்களில். பங்கெடுத்தவர்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேல்.

18/
முடிவு உலகத்தையே திகைக்க வைத்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை. 15 வருஷம் பின்தொடர்ந்து பார்த்தும் அதே பதில். அமெரிக்காவில் பலித்த ஊசி செங்கல்பட்டில் ஏன் பலிக்கவில்லை? மருத்துவ உலகம் 'சிங்கிள்புட் ட்ரையல்' என்று இன்றும் படிப்பது இதைத்தான்.

19/
சொல்லப்பட்ட விளக்கங்களில் முக்கியமான ஒன்று: நம்ம மண்ணிலும் தண்ணீரிலும் இந்தக் கிருமிக் குடும்பம் நிறைய இருக்கு. சின்ன வயசிலிருந்தே நம் உடம்பு அவற்றோடு பழகி, கொஞ்சம் எதிர்ப்புச் சக்தியை ஏற்கெனவே பெற்றிருக்கு. அதற்கு மேல் ஊசி சேர்க்கும் பலன் தெரியாமல் போயிடுது. 1960-களிலேயே பால்மர், லாங் என்ற இருவர் கினிப் பன்றிகளில் இப்படி நடப்பதைக் காட்டியிருந்தார்கள். 1990-களில் அந்த ஆய்வுப் பகுதியின் மண், தண்ணீர், தூசியைச் சோதித்தபோது இந்தக் கிருமிகள் தாராளமாகக் கிடைத்தன. மாரினம் என்றில்லை, அதன் மற்ற உறவுகள். இது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் மீனையும் மண்ணையும் சேர்ந்த கிருமிகளை 'நமக்குச் சம்பந்தமில்லை' என்று ஒதுக்க முடியாது என்று இந்த மாவட்டம்தான் உலகுக்குச் சொன்னது.

20/
ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு குழந்தைக்கு பி.சி.ஜி. வேண்டாம் என்று முடிவு செய்யாதீங்க. சின்னக் குழந்தைகளுக்கு வரும் மூளைக் காய்ச்சல் வகைக் காசநோயையும், உடம்பு முழுக்கப் பரவும் வகையையும் அது காக்குது. பிறந்தவுடன் போடுவது அதற்காகத்தான். கட்டாயம் போடுங்க.

21/
இதே மீன் கிருமி மனுஷ காசநோயைப் புரிந்துகொள்ளவும் உதவியது. லலிதா ராமகிருஷ்ணன் என்ற மருத்துவ விஞ்ஞானி (சிதம்பரத்தில் பிறந்த நோபல் விஞ்ஞானி வெங்கி ராமகிருஷ்ணனின் தங்கை) மாரினத்தை வரிக்குதிரை மீன்குஞ்சுகளில் செலுத்திப் பார்த்தார். நம் நாட்டு ஓடைகளைச் சேர்ந்த சின்ன மீன் அது. குஞ்சு கண்ணாடி மாதிரி இருக்கும். உள்ளே கிருமி என்ன செய்யுது, வெள்ளணு என்ன செய்யுது என்று உயிரோடு இருக்கும்போதே பார்க்கலாம். மனுஷ நுரையீரலில் இதைப் பார்க்க வழியே இல்லை.

22/
அதுவரை பாடப்புத்தகம் சொன்னது: கிருமியைச் சுற்றி வெள்ளணுக்கள் கூடி உருண்டை கட்டும், அதுதான் கிருமியை அடைக்கும் சிறை. மீன்குஞ்சில் பார்த்தால் நடப்பது வேறு. கிருமி தின்று செத்த வெள்ளணுவைச் சுத்தம் செய்யப் புதிய வெள்ளணுக்கள் வருது. அவற்றுக்குள்ளும் கிருமி ஏறிக்கொண்டு பரவுது. 2009-ல் வெளியானது. அடுத்த வருஷம், உடம்பின் அழற்சி குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து என்று மீனில் காட்டி, அதே மரபணு வியட்நாம் காசநோயாளிகளிலும் முக்கியம் என்று அவர் குழு சொன்னது. 1926-ல் செத்த மீனில் கிடைத்த கிருமி இன்று காசநோய் ஆராய்ச்சியின் தூணாக நிற்குது.

23/
இனி உங்க கை. யாருக்கு வரும்? மீன் வெட்டிக் கொடுக்கும் அக்காக்கள், செதில் உரசுறவங்க, வலையிலிருந்து மீன் பிரிக்கிறவங்க, கோவளம் – நீலாங்கரை பக்கம் கடலுக்குப் போறவங்க, இறால் பண்ணை, ஹேட்சரி வேலைக்காரங்க, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கலர் மீன் விற்கிறவங்க, அதை வாங்கி வீட்டுத் தொட்டியில் வைத்து வெறும் கையால் கழுவுறவங்க. துடுப்பு முள் குத்தினாலோ, தொட்டி விளிம்பு கீறினாலோ போதும். குத்தின காயம் ஆறிடும். இரண்டு மூன்று வாரம் கழித்து, சில சமயம் மாதங்கள் கழித்து, அங்கே ஒரு சிவந்த முடிச்சு வரும். பெரிதாக வலிக்காது. பிறகு கை வழியாக மேலே வரிசையாக இன்னும் சில முடிச்சுகள் வரலாம்.

24/
இங்கேதான் வரலாறு உங்க கையில் திரும்ப நடக்குது. ஒருத்தர் மரு என்பார். ஒருத்தர் பூஞ்சை மருந்து தருவார். ஒருத்தர் ஸ்டீராய்டு ஊசி போடுவார். அது நிலைமையை மோசமாக்கும். கடைசியில் சதை எடுத்துச் சோதித்தால், உருண்டை, சிவப்புக் குச்சி, ரிப்போர்ட்டில் 'காசநோய்' என்று வரும். வீட்டில் தட்டு டம்ளர் தனியாக வைப்பார்கள். பக்கத்து வீட்டில் பேசுவார்கள். மீன் வாங்க வருபவர்களும் வேறு கடைக்குப் போயிடுவாங்க. 1897-ல் அந்தக் குளக்கரையில் நடந்த அதே குழப்பம்தான். ஆனா இதுக்கு இங்கே விலை கொடுப்பது ஒரு குடும்பத்தின் பிழைப்பு.

25/
நீங்க செய்ய வேண்டியது: டாக்டரிடம் 'நான் மீன் வேலை செய்றேன்', 'வீட்டில் மீன் தொட்டி இருக்கு', 'முள் குத்திச்சு' என்று நீங்களே சொல்லுங்க. சதைப் பரிசோதனைக்கு அனுப்பும்போது லேபுக்கும் இது தெரியணும். ஏன்னா வழக்கமான காசநோய் வளர்ப்புச் சோதனை 37 டிகிரியில் நடக்கும். அதில் மாரினம் சரியாக வளராது. 30 டிகிரியிலும் தனியாக வைக்கச் சொல்லணும். ஜீன் எக்ஸ்பர்ட் சோதனை தேடுவது மனுஷ காசநோய்க் கிருமியை. இதை அது கண்டுபிடிக்காது.

26/
மருந்து இருக்கு. குணமாகும். சில மாதம் பிடிக்கும், முடிச்சு மறைந்த பிறகும் கொஞ்ச காலம் தொடரணும். வழக்கமான காசநோய் மாத்திரைகளில் ரிஃபாம்பிசினும் எத்தாம்பியூட்டாலும் இதற்கு வேலை செய்யும். பைரசினமைடு வேலை செய்யாது, ஐசோனியசிட்டும் பெரும்பாலும் பலன் தராது. கிளாரித்ரோமைசின், டாக்சிசைக்ளின் மாதிரி வேறு மருந்துகளும் உண்டு. எது, எவ்வளவு என்பது உங்க தோல் மருத்துவர் முடிவு. கடையில் நீங்களா வாங்கிப் போடாதீங்க. தேவையில்லாத மாத்திரையால் கல்லீரல் கெடக்கூடாது என்பதற்கும்தான் சரியான பெயர் முக்கியம்.

27/
எல்லாப் புண்ணும் இந்த மாதிரி மெதுவா வராது. கடல் தண்ணீர் பட்ட காயம் ஒரே நாளில் சிவந்து, தாங்க முடியாத வலி, நீலக் கொப்புளம், காய்ச்சல் என்று வந்தால் அது விப்ரியோ வகைக் கிருமியாக இருக்கலாம். கல்லீரல் நோய், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு உயிரையே எடுக்கும். காலையில் பார்த்துக்கலாம் என்று இருக்காதீங்க. அந்த நிமிஷமே எமர்ஜென்சிக்குப் போங்க.

28/
தடுக்க: கையில் காயம் இருக்கும்போது தொட்டியில் கை விடாதீங்க. தடித்த ரப்பர் கையுறை போடுங்க. முள் குத்தினால் உடனே சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்க. தொட்டி மீன் மெலிந்து, புண்ணோடு செத்தால் வெறும் கையால் எடுக்காதீங்க. குழந்தைகளைத் தொட்டி கழுவ விடாதீங்க.

29/
1700-ல் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாஸினி, தொழிலாளர்களுக்கு வரும் நோய்கள் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்க்கச் சொன்னார்: நீ என்ன வேலை செய்கிறாய்? ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்க்கும் ஓ.பி.யில் இந்தக் கேள்வி விட்டுப் போயிடும். என் சக டாக்டர்களுக்கு வேண்டுகோள்: கையில் ஆறாத முடிச்சைப் பார்த்தால் இதைக் கேளுங்க.

30/
அவங்க கேட்காவிட்டால் நீங்க சொல்லுங்க. உங்க தெருவில் மீன் விற்கும் அக்கா கையில் இப்படி ஒரு முடிச்சைப் பார்த்தால் தள்ளிப் போகாதீங்க. 'எத்தனை மாசமா இருக்கு?' என்று கேட்டு, தோல் மருத்துவரிடம் போகச் சொல்லுங்க. அரசு மருத்துவமனையிலேயே பார்க்கலாம். மீனையும் வழக்கம் போல அவங்ககிட்டயே வாங்குங்க.